வெள்ளத்தில் ஓட்டிய காரில் கிளட்ச் கோளாறா? செட் மாற்றும் முன் இந்த 6 சோதனைகளைச் செய்து பாருங்கள்!

மழை நின்று இரண்டு நாள் ஆகியிருக்கும். வாசலில் தேங்கிய சேற்றைக் கழுவி, ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் பலருக்குக் காரின் நினைவே வரும். சாவியைத் திருகினால் நல்லவேளையாக இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும். 'அப்பாடா' என்று கிளட்ச்சை மிதித்து முதல் கியர் போட்டால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். கியர் விழாது. சிலருக்கு கியர் விழும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் மட்டும் அலறும், வண்டி நகராது.

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று வட சென்னையில் கார் வைத்திருக்கும் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் வருகிற முதல் பதிலும் பழக்கமானதுதான்: "கிளட்ச் செட் போயிடுச்சு. கியர் பாக்ஸை இறக்கணும்."

சில நேரம் அது உண்மை. பல நேரங்களில் முழு உண்மை இல்லை. கால் டாக்ஸி ஓட்டுபவருக்கு வண்டி ஒரு நாள் நின்றாலே தவணைப் பணத்தில் துண்டு விழும். கடன் வாங்கி செகண்ட் ஹேண்ட் கார் எடுத்த குடும்பத்துக்கு, எதிர்பாராத சில ஆயிரம் ரூபாய் செலவு என்பது அந்த மாத பட்ஜெட்டையே புரட்டிப் போட்டுவிடும். அதனால் மெக்கானிக்கிடம் போகும் முன் நாமே என்னென்ன பார்க்கலாம் என்பதுதான் இந்த வாரம். ஸ்பேனர் தேவையில்லை. பத்து, பதினைந்து நிமிடமும், வண்டியைத் தள்ள ஒரு ஆளும் போதும்.

நம்ம ஏரியா தண்ணீர் வெறும் மழைநீர் இல்லை

வட சென்னை கடலை ஒட்டிய தாழ்வான, சமதளமான நிலம். கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு என்று தண்ணீர் வடிய வழிகள் இருக்கின்றன. ஆனால், கடல் மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தில் கழிமுகத்தில் தண்ணீர் வேகமாக வடியாது. அதனால்தான் மழை விட்ட பிறகும் தெருவில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிறது. நிற்கிற தண்ணீரில் சாக்கடை, மண், சில இடங்களில் உப்பு என எல்லாமே கலந்திருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் சேர்ந்துகொண்டது. மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம் வரை பரவியது. மீனவர்களின் படகுகள், வலைகள், வீட்டுச் சுவர்கள் என்று எல்லா இடத்திலும் கறுப்பாகப் படிந்ததை நாம் பார்த்தோம். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. நல்ல தண்ணீர் கிளட்ச்சுக்குள் போனால் பெரும்பாலும் காய்ந்துவிடும். உப்புத் தண்ணீர் துருவை வேகப்படுத்தும். சேறு உள்ளேயே தங்கித் தேய்க்கும். எண்ணெய் ஊறிய கிளட்ச் பிளேட் பழைய பிடிப்புக்குத் திரும்புவது கடினம். எனவே, உங்கள் கார் எந்தத் தண்ணீரில் நின்றது என்பதை மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கிளட்ச்சுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கிறது. அதுதான் ஃப்ளைவீல். அதன் முகத்தோடு ஒட்டி நிற்பது கிளட்ச் பிளேட். இது கியர் பாக்ஸோடு இணைந்தது. இந்த பிளேட்டை ஃப்ளைவீல் மீது ஸ்பிரிங் பலத்தால் அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். நீங்கள் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து அந்த அழுத்தத்தை விடுவிக்கிறது. அப்போது இன்ஜின் தனியாகவும், கியர் பாக்ஸ் தனியாகவும் ஆகிவிடும். காலை எடுத்தால் மீண்டும் இரண்டும் ஒன்றாகிவிடும்.

பெரும்பாலான மேனுவல் கார்களில் இது உலர்ந்த நிலையில் வேலை செய்யும் அமைப்பு. ஆனால், இதை மூடியிருக்கும் கூடு தண்ணீர் புகாத டப்பா இல்லை. கீழே சிறு இடைவெளிகள், திறப்புகள் இருக்கும். சக்கரம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வந்தால் உள்ளேயும் வந்துவிடும்.

ஈரக் கையால் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கப் பாருங்கள், வழுக்கும். நனைந்த கிளட்ச் வழுக்குவதும் அதே கதைதான். கையைத் துடைத்தால் சரியாகிவிடும். இரும்புத் தோசைக்கல்லைக் கழுவி, துடைக்காமல் கவிழ்த்து வைத்தால் காலையில் துருப் பிடித்திருக்கும் இல்லையா? ஈரத்தோடு நாள்கணக்கில் நிற்கும் காரின் ஃப்ளைவீலுக்கு நடப்பது அதுதான். அந்தத் துருவில் கிளட்ச் பிளேட் போய் ஒட்டிக்கொள்ளும்.

முதல் கேள்வி: எப்போது தொடங்கியது?

சத்தம் எப்படி இருந்தது என்பதைவிட, கோளாறு எந்த நாளில் தொடங்கியது என்பதுதான் அதிகம் சொல்லும். நினைவுபடுத்திப் பாருங்கள்.

தண்ணீரில் ஓட்டும்போதோ, வெளியே வந்த உடனேயோ வழுக்கியதா? அப்படியென்றால் நனைந்ததுதான் காரணமாக இருக்கலாம். மெதுவாகச் சில கிலோமீட்டர் ஓட்டினால் சரியாகிவிடும். ஆனால், தண்ணீருக்குள் இருக்கும்போது கருகிய நாற்றம் வந்திருந்தால் கதை வேறு. 'சைலன்சரில் தண்ணீர் ஏறிவிடும்' என்ற பயத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பிடித்து, ஹாஃப் கிளட்ச்சிலேயே ஓட்டியிருப்பீர்கள். அங்கே கிளட்ச்சைத் தின்றது தண்ணீர் இல்லை, சூடு.

ஓட்டும்போது நன்றாக இருந்து, சில நாள் நிறுத்திவைத்த பிறகு கியர் விழவில்லையா? துருவில் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். நிற்கிற வண்டியில் கிளட்ச் தேய வழியே இல்லை.

எல்லாம் நன்றாக ஓடி, சில வாரம், சில மாதம் கழித்து சத்தமோ, பெடல் இறுக்கமோ வந்ததா? ரிலீஸ் பேரிங்கில் இருந்த கிரீஸ் கழுவப்பட்டிருக்கலாம். கிளட்ச் கேபிளுக்குள் துரு ஏறியிருக்கலாம்.

நிறுத்துங்கள், சாவியைத் திருகும் முன்...

கார் தண்ணீருக்குள்ளேயே ஆஃப் ஆகி நின்றிருந்தாலோ, பானெட் அளவுக்குத் தண்ணீர் நின்றிருந்தாலோ கிளட்ச் சோதனையெல்லாம் அப்புறம். செல்ஃபே அடிக்காதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டனால் அதைக் காற்றைப்போல அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கிளட்ச் செலவெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கிறதா, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டில் ஒன்று 'ஆம்' என்றாலும் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுவது நல்லது.

இன்ஜின் பத்திரம் என்று உறுதியானால், பிரேக் பிடிக்கிறதா என்பது அடுத்தது. அதன் பிறகு கிளட்ச்சுக்கு வாருங்கள்.

வீட்டு வாசலிலேயே 6 சோதனைகள்

1. பெடல்: இன்ஜின் ஆஃபில் இருக்கட்டும். முதலில் கால் மிதியை எடுத்துவிட்டு, பெடலுக்குப் பின்னால் சேறோ, துணியோ சிக்கியிருக்கிறதா பாருங்கள். பிறகு பத்து முறை மிதியுங்கள். கரகரவென்று இறுக்கமாக இருந்தால் கேபிள் அல்லது அதன் முனையில் உள்ள ஃபோர்க்கில் துரு. பஞ்சுபோல இறங்கினாலோ, கீழே போய்த் திரும்பி வராமல் நின்றாலோ, அது ஆயிலில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச்சில் காற்றோ, கசிவோ இருப்பதன் அடையாளம். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே பிரேக் ஆயில் டப்பாதான். அளவு குறைந்திருந்தாலோ, ஆயில் கலங்கியிருந்தாலோ ஊற்றி நிரப்பிவிட்டுக் கிளம்பாதீர்கள். பிரேக்கும் சம்பந்தப்பட்ட விஷயம் அது.

2. தள்ளிப் பார்ப்பது: சமதளத்தில், இன்ஜின் ஆஃபில், நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை விட்டு வண்டியைத் தள்ளச் சொல்லுங்கள். நகரவில்லை என்றால் பிரேக் ஷூ ஒட்டியிருக்கிறது. கிளட்ச் மீது பழி போட வேண்டாம். நகர்ந்தால், முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை முழுவதும் மிதித்துக்கொண்டு மறுபடி தள்ளச் சொல்லுங்கள். இப்போதும் வண்டி உருள வேண்டும். நியூட்ரலில் உருண்டது இப்போது இன்ஜினோடு சேர்ந்து முரண்டு பிடித்தால், கிளட்ச் விடுபடவில்லை என்று அர்த்தம். பெடல் முதல் சோதனையில் ஒழுங்காக இருந்தது என்றால், பிளேட் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கும்.

3. கியர்: இன்ஜின் ஆஃபில் எல்லா கியரும் விழுகிறதா? பிறகு ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சை மிதித்து நான்கு விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். ஆஃபில் விழுகிற கியர், ஆனில் மட்டும் 'கர்ர்' என்றால் கோளாறு கிளட்ச் விடுபடாததில் இருக்கிறது, கியர் பாக்ஸில் இல்லை. ஆஃபிலேயே விழவில்லை என்றால் கியர் லிவரின் கேபிளையோ, இணைப்பையோ பார்க்க வேண்டும். 'கியர் பாக்ஸ் போச்சு' என்று யாராவது சொன்னால் இந்தச் சோதனையை அவர் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். பிளேட் ஒட்டியிருப்பதாக இரண்டாவது சோதனையில் தெரிந்தால், ஸ்டார்ட் செய்யும்போது கண்டிப்பாக நியூட்ரலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி எகிறிப் பாயும்.

4. வழுக்கல்: முன்னால் ஆளோ, சுவரோ இல்லாத இடம் வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, கால் பிரேக்கையும் மிதித்து, மூன்றாவது கியரில் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி ஆஃப் ஆக வேண்டும். ஆஃப் ஆகாமல் ஜாலியாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. ஒருமுறை மட்டும் செய்யுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற பிளேட்டும் எரிந்துவிடும்.

5. சத்தம்: நியூட்ரலில் இன்ஜின் ஓடட்டும். பெடலை மிதித்தால் சத்தம் வந்து, விட்டால் நின்றுவிடுகிறதா? ரிலீஸ் பேரிங். பெடலை விட்டிருக்கும்போது சத்தம் இருந்து, மிதித்தால் நிற்கிறதா? கியர் பாக்ஸ் பக்கத்து பேரிங். உடனே கியர் ஆயிலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கியர் பாக்ஸுக்கு மூச்சுக் குழாய் ஒன்று உண்டு. வெள்ளத்தில் அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். ஆயில் வெண்மையாகக் கலங்கியிருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

6. அதிர்வு: முதல் கியரில் நகரும்போது வண்டி 'டடடட' என்று உதறுகிறதா? ஓட்ட ஓட்டக் குறைந்தால் ஈரம், லேசான துரு. குறையாமல் நீடித்தால் உள்ளே சேறோ, எண்ணெயோ இருக்கிறது. அப்போதுதான் கியர் பாக்ஸை இறக்கிப் பார்க்கும் அவசியம் வருகிறது. எண்ணெய் என்றால் அது வெள்ளத்தில் வந்ததா, இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் கசிவதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். சீல் கசிந்தால் புது பிளேட் போட்டாலும் மறுபடி அதே கதிதான்.

கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் கார் என்றால் கூடுதலாக ஒன்று. பெடலின் மேலே சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும். அதில் தண்ணீர் புகுந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. செலவு குறைந்த வேலை, முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் மாமாவின் கால் டாக்ஸி

மிக்ஜாம் வெள்ளத்தில் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் மாமாவின் டாக்ஸியும் மாட்டியது. டிசம்பர் 3-ம் தேதி இரவு பாதி டயர் தண்ணீரில் ஓட்டிவந்து தெருமுனையில் நிறுத்தினார். தண்ணீர் வடிய மூன்று நாளானது. ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் ஓடுகிறது, கியர் விழவில்லை. இழுத்துக்கொண்டு போன முதல் ஒர்க்‌ஷாப்பில், வண்டியைத் தொட்டுப் பார்க்காமலேயே கிளட்ச் செட்டும் கியர் பாக்ஸ் வேலையும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மழையில் மூன்று நாள் சவாரி இல்லாதவருக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் பேச்சே வரவில்லை.

அத்தை பிடிவாதமாக, தெருவிலேயே கடை வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. கேட்டது இரண்டே கேள்விதான்.

"அண்ணே, வண்டி எத்தினி நாளு தண்ணில நின்னுச்சு?"

"மூணு நாளுப்பா."

"நிறுத்தும்போது கியரு நல்லா விழுந்துச்சா?"

"விழுந்துச்சே."

"அப்ப பிளேட்டு தேயல. ஒட்டிக்கினு இருக்குது."

இரண்டு பையன்களை வைத்துத் தள்ளிப் பார்த்தார். சொன்னதுபோலவே கிளட்ச் மிதித்தும் உருளவில்லை. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி ஆஃப் செய்தார். பிறகு வண்டியை ஒரு காலி மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், கிளட்ச்சை முழுதாக மிதித்தபடியே முதல் கியரில் ஸ்டார்ட் செய்து ஓட்டி, ஆக்சிலரேட்டரை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தார். சில நிமிடத்தில் 'டக்' என்று விடுபட்டது. கியர் ஆயிலை மாற்றி, கேபிளுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார். மறுநாள் மாமா சவாரிக்குக் கிளம்பிவிட்டார்.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த கோடையில் பெடலை மிதித்தால் 'கீச்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. ரிலீஸ் பேரிங். அதற்குக் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று அதே மெக்கானிக் சொன்னார். இறக்கும்போது பிளேட்டும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்ததால் செட்டையே மாற்றினார்கள். ஆக, செலவு வராமல் போகவில்லை. ஆனால், கையில் காசே இல்லாத டிசம்பரில் வரவேண்டியது, சம்பாதித்துச் சேர்த்த பிறகு வந்தது. மாமாவுக்கு அந்த ஆறு மாதம் பெரிய விஷயம்.

ஒட்டிய கிளட்ச்சை விடுவிக்கும் அந்த வேலையை நீங்களே செய்ய வேண்டாம். வண்டி குதிக்கும், கிளட்ச் மிதித்தும் நிற்காது. எம்.சி. ரோடு நெரிசலிலோ, பிள்ளைகள் விளையாடும் தெருவிலோ நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. துரு பலமாக இருந்தால் இது பலிக்காமலும் போகும். அப்போது கியர் பாக்ஸை இறக்குவதுதான் வழி.

ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும்?

செட் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால் இவற்றைக் கவனியுங்கள்.

• கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். பிளேட்டின் மேற்பரப்பு ரிவெட் தலை வரை தேய்ந்திருக்கிறதா, எண்ணெய் ஊறியிருக்கிறதா, கருகியிருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

• ஃப்ளைவீல் முகத்தில் துருவோ, நீலம் பாரித்த சூட்டுத் தழும்போ இருந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் புது பிளேட் போடுவது வீண்.

• கியர் பாக்ஸை இறக்கும் கூலிதான் இந்த வேலையில் பெரிய பங்கு. எனவே, இறக்கிய கையோடு ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். ஆயில் சீலையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

• ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது செட்டும், புதுப்பேட்டையில் பழைய பாகமும் கிடைக்கும். ஆனால், கிளட்ச் பிளேட்டைப் பழையதாக வாங்குவது லாபம் இல்லை. அது தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள். பில் வாங்க மறக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. 'ஓன் டேமேஜ்' சேர்ந்த பாலிசியில் வெள்ளம் அடங்கும். ஆனால், தேய்மானம் அடங்காது. கிளட்ச் பிளேட்டை 'தேய்ந்த பொருள்' என்று தள்ளிவிட வாய்ப்பு உண்டு. அதனால் வண்டியைக் கழுவும் முன்பே தண்ணீர் நின்ற கோடு, உள்ளே படிந்த சேறு எல்லாம் தெரியும்படி போட்டோ, வீடியோ எடுத்துவையுங்கள். நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்த்த பிறகே பிரித்து வேலை செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் பழுதானால் அந்தச் செலவை மறுப்பார்கள். 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு அதற்காகத்தான் விற்கப்படுகிறது. பாலிசி புதுப்பிக்கும் மாதத்தில் அதன் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

ஏஎம்டி, ஸ்கூட்டர், பைக் வைத்திருப்பவர்களுக்கு

கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி கார்களிலும் உள்ளே இருப்பது இதே கிளட்ச்தான். மிதிப்பது உங்கள் காலுக்குப் பதில் ஒரு கருவி, அவ்வளவே. அதனால் ஒட்டுவதும் வழுக்குவதும் அதற்கும் உண்டு. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே இருப்பதால் வெளித் தண்ணீர் எளிதில் தொடாது. ஆயில் வெளுத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்கூட்டரில் பெல்ட்டும் கிளட்ச்சும் இருக்கும் பக்கவாட்டு மூடிக்குள் தண்ணீர் போனால், முறுக்கினாலும் இழுக்காது. மூடியைக் கழற்றிக் காயவைத்துச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்த மழைக்கு...

தண்ணீர் டயரில் பாதியைத் தாண்டினால் இறங்காதீர்கள். கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் ஆழம் வெளியிலிருந்து தெரியாது. தடுப்பு வைத்திருந்தால் திரும்பிவிடுங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதல் கியர், ஒரே சீரான வேகம், கிளட்ச் பெடலில் கால் கூடாது. கியர் மாற்றவும் வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் எதிரே கன்டெய்னர் லாரி வந்தால், அது தள்ளிவிடும் அலை உங்கள் பானெட்டில் ஏறும். லாரி கடக்கும் வரை மேடான இடத்தில் காத்திருந்து பிறகு இறங்குங்கள்.

வெளியே வந்ததும் பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துக் காயவையுங்கள். இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓட்டி, வழக்கம்போல கியர் மாற்றி மாற்றி ஓட்டினால் கிளட்ச்சும் காயும். நனைந்த வண்டியை அப்படியே ஓரம்கட்டிவிட்டு ஒரு வாரம் மறந்துவிடுவதுதான் பெரிய தப்பு. ஹேண்ட் பிரேக்கை இறுக்கி நிறுத்தாமல், கியரில் போட்டு டயருக்குக் கல் வைத்து நிறுத்துங்கள். சாலை ஓட்டும்படி இல்லாவிட்டாலும், இன்ஜின் பத்திரம் என்றால் தினமும் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சை மிதித்து ஓரடி முன்னே, ஓரடி பின்னே நகர்த்துங்கள். துரு ஒட்ட நேரம் கிடைக்காது.

எல்லாவற்றையும்விட சுலபமானது, வண்டியைத் தண்ணீர் தொடாமல் பார்த்துக்கொள்வது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிவாசிகள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. 2015, 2023 என்று இரண்டு வெள்ளத்தைப் பார்த்தவர்களின் கணக்கு அது. நம் பக்கத்தில் மேடான தெரு எது, எங்கே நிறுத்தினால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் வராது என்பதை மழைக்காலம் தொடங்கும் முன்பே பக்கத்து வீட்டாரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி மாட்டிக்கொண்டால், ஒர்க்‌ஷாப் வாசலில் இறங்கும்போது மூன்று தகவல் உங்கள் நாக்கு நுனியில் இருக்கட்டும்: எவ்வளவு ஆழத் தண்ணீர், எத்தனை நாள் நின்றது, கோளாறு எப்போது தொடங்கியது. இதைக் கேட்டுக்கொண்ட பிறகு வண்டியைத் தொடுகிற மெக்கானிக்கிடம் நம்பிக் கொடுக்கலாம்.